கடல் கடந்து வந்த அம்மாக்களும் எங்கள் தெருப் பிள்ளைகளும்

புளியறை எல்லையோரத்து ஊர். செங்கோட்டையைத் தாண்டி மேற்கே போனால் வயலும் தென்னந்தோப்பும் முடிகிற இடத்தில் சாலை மலையேறத் தொடங்கும். அந்தப் பக்கம் ஆரியங்காவு, கேரளம். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் எங்கள் ஊரும் அந்தப் பக்கத்துக்குத்தான் சொந்தம். செங்கோட்டைத் தாலுகா அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அதனால் ஒரு விநோதம் நடந்துவிட்டது. நெல்லைச் சீமையின் மிஷன் வரலாற்றை எழுதுகிறவர்கள் தென்காசியோடு பேனாவை மூடிவிடுகிறார்கள். திருவிதாங்கூர் மிஷன் வரலாற்றை எழுதுகிறவர்கள் மலைக்கு மேற்கிலும் நாகர்கோவிலிலும் நின்றுவிடுகிறார்கள். நடுவில் கிடக்கிற எங்கள் தெரு இரண்டு புத்தகத்திலும் இல்லை.

பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யவென்று கடல் கடந்து இந்தச் சீமைக்கு வருவது இருநூறு வருஷத்துப் பழக்கம். வந்தவர்களின் வாழ்க்கை வரலாறுகள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது கால்டுவெல்லும் போப்பும் பாடத்தில் வந்தார்கள். அவர்கள் நடத்திய பள்ளியில் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வரவில்லை. அந்தப் பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த வரலாறு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி எனக்கு நூலகத்தில் எழுந்ததல்ல. எங்கள் தெருவில், ஒரு தாயின் கோபத்தில் எழுந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பெயர்களைப் பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர்ச் மிஷனரி சங்கம் பள்ளி நிதி ஒன்றை வைத்திருந்தது. ஆண்டுக்கு ஐந்து பவுன் கொடுத்தால் தூரதேசத்தில் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கலாம். அதோடு, கொடுத்தவர் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்குச் சூட்டலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில், அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகள் இப்படித்தான் இங்கிலாந்துப் பெயர்களோடு பள்ளிப் பதிவேட்டில் ஏறினார்கள். தென்னிந்திய விடுதிப் பள்ளிகளிலும் இந்த வழக்கம் இருந்தது. தாய் கூப்பிட்ட பெயர் ஒன்று, சந்தா கட்டியவர் வைத்த பெயர் ஒன்று. பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஊர்களுக்கும் இதே கதைதான். சாயர்புரம், சாமுவேல் சாயர் என்ற வியாபாரியின் பெயர். டோனாவூர், பிரஷ்யாவின் டோனா பிரபுவின் பெயர். அவர் கொடுத்த பணத்தில் ரேனியஸ் 1820-களில் உண்டாக்கிய கிறிஸ்தவக் குடியிருப்பு அது. அந்தப் பிரபு தன் பெயர் கொண்ட ஊரின் புழுதியைக் கூட மிதித்ததில்லை. பணம் கொடுத்த கைக்குப் பெயர் நின்றது. மண் சுமந்து சுவர் வைத்த கைக்கு நிற்கவில்லை.

இதைச் சொல்வதால் மிஷனரிகள் செய்ததெல்லாம் மோசம் என்று சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்த வேலையைச் செய்யத் தனியாக ஒரு கூட்டமே இருக்கிறது. ஊர்ப் பள்ளிக்கூடத் திண்ணையில் ஏறவிடாத காலத்தில் எங்கள் ஆட்களுக்குச் சிலேட்டைக் கையில் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தக் கடனை மறுக்க முடியாது. கணக்கை மட்டும் சரியாக எழுத வேண்டும் என்கிறேன்.

நாகர்கோவிலில் நடந்ததைப் பாருங்கள். லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819-இல் அங்கே வந்தார்கள். மார்த்தா பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். 1820-களின் தொடக்கத்திலேயே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். (நம் கால்டுவெல் மணந்த எலைசா இவர்களுடைய மகள்தான். லேஸ் இடையன்குடிக்குப் போனது அவர் வழியாக.) அன்று திருவிதாங்கூரில் மனிதர்களை நிலத்தோடு சேர்த்து விற்றார்கள். அந்தப் பள்ளிக்கு வந்த அடிமைப் பெண்கள் சிலர் லேஸ் பின்னிக் கிடைத்த கூலியைச் சேர்த்து, எசமானுக்குத் தங்கள் விலையைக் கொடுத்து, தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டார்கள். மிஷன் நூல்களில் இது பள்ளியின் பெருமையாக வருகிறது. எனக்கு அது அந்தப் பெண்களின் வரலாறாகத் தெரிகிறது. சொல்லிக்கொடுத்தது வெள்ளைக்கார அம்மா, சரி. இராத்திரி விளக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு நூலை முடிச்சுப் போட்ட விரல்கள் யாருடையவை? தன் விலை இவ்வளவு என்று தெரிந்து, அதைச் சல்லி சல்லியாகச் சேர்த்த ஒரு பெண்ணின் மனசு எப்படி இருந்திருக்கும்? அவர்கள் பெயர் என்ன? 1853-இல்தான் சர்க்கார் அடிமைகளுக்கு இனிமேல் பிறக்கும் பிள்ளைகள் அடிமைகள் அல்ல என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்தது. 1855-இல் அடிமை முறையையே ஒழித்து ஆணை போட்டது. செங்கோட்டைச் சீமைக்கும் அந்த ஆணைதான். இந்தப் பெண்கள் சிலர் அந்த ஆணைக்கும் முந்தியவர்கள்.

டோனாவூருக்கு வருவோம். புளியறையிலிருந்து மலையடிவாரத்தை ஒட்டியே தெற்கே போனால் களக்காட்டுக்கு அப்பால் வருகிற ஊர் அது. 'பிள்ளைகளுக்காக வந்த வெள்ளைக்கார அம்மா' என்று சொன்னால் நெல்லைக்காரர்களுக்கு ஏமி கார்மைக்கேல்தான். 1867-இல் வட அயர்லாந்தின் மில்லைல் கிராமத்தில் பிறந்தவர். இளவயதில் பெல்ஃபாஸ்ட் நகர மில்களில் வேலை செய்த ஏழைப் பெண்களிடையே ஊழியம் செய்தார். தொப்பி வாங்க வக்கில்லாமல் சால்வையால் தலையை மூடிக்கொண்டு வந்த அந்தப் பெண்களைச் சபைக்குள் விடக் கனவான்கள் முகம் சுளித்தார்களாம். சேரி அங்கேயும் இருந்திருக்கிறது.

அவருடைய வாழ்க்கையில் எல்லோரும் வேகமாகக் கடந்துபோகிற பகுதி ஒன்று உண்டு, ஜப்பான். 1893-இல் போனார். பதினைந்து மாதம். மொழிபெயர்ப்பாளர் துணையோடு பிரசங்கம். உடம்புக்கு முடியாமல் திரும்பிவிட்டார். ஜப்பானியப் பிள்ளைகள் வாழ்க்கையில் அந்தப் பதினைந்து மாதம் என்ன மாற்றத்தைச் செய்தது? எனக்குத் தெரிந்து எதுவும் சொல்வதற்கில்லை. அதே அம்மாதான் 1895-இல் இந்தியாவுக்கு வந்தார், அடுத்த வருஷம் நெல்லைச் சீமைக்கு வந்தார், உட்கார்ந்து தமிழ் படித்தார், சேலை கட்டினார், 1951 ஜனவரியில் சாகும்வரை ஒரு தடவை கூட ஊருக்குத் திரும்பவில்லை. ஐம்பத்தைந்து வருஷம். ஆள் ஒன்றுதான். பக்தியும் அன்பும் ஜப்பானிலும் குறைவாக இருந்திருக்காது. வித்தியாசம் தமிழிலும் தங்கியதிலும்தான் இருக்கிறது.

1901 மார்ச்சில் பிரீனா என்ற ஏழு வயதுப் பெண்பிள்ளை கோயிலிலிருந்து தப்பி அவரிடம் வந்தாள். பொட்டுக்கட்டுவதற்காகத் தாயே ஒப்படைத்த பிள்ளை. ஏற்கெனவே ஒரு தடவை தூத்துக்குடியிலிருந்த தாயிடம் ஓடி, திரும்பப் பிடித்துக் கொண்டுபோகப்பட்டு, கையில் சூடு வாங்கியவள். கவனியுங்கள்: அந்த அம்மா அவளைத் தேடிப் போகவில்லை. ஏழு வயதுப் பிள்ளை தானாக இரண்டாவது தடவை ஓடி வந்தது. 'மீட்பு' என்று எழுதப்படுகிற வரலாற்றின் முதல் அடியை எடுத்து வைத்தது அந்தப் பிள்ளையின் கால்தான்.

அதன் பிறகு பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள், கைக்குழந்தைகள் உட்பட. 1913-இல் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். இவர்களைக் குளிப்பாட்டி, பால் புகட்டி, வயிற்றுப்போக்கில் இரவெல்லாம் விழித்திருந்தது யார்? பொன்னம்மாள். சின்ன வயதிலேயே கணவனை இழந்து, மாமனார் வீட்டில் மூலையில் உட்கார வைக்கப்பட்டிருந்த பெண். அங்கிருந்து வெளியேறி, ஏமியோடு ஊர் ஊராகப் போன பெண்கள் குழுவில் சேர்ந்தார். தென் திருவிதாங்கூரின் நெய்யூரில் மிஷன் மருத்துவமனை இருந்ததால் அதன் அருகில் குழந்தைகளுக்கு ஒரு வீடு வைத்தபோது அதன் பொறுப்பு முழுதும் இவர் தலையில். அங்கே தொற்று வந்து குழந்தைகள் சாகச் சாகத் தாங்கி நின்றதும் இவர்தான். 1915-இல் புற்றுநோயில் இறந்தார். ஏமி இவரைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதினார் என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. ஆனால் உலகம் முழுதும் தெரிந்த 'அம்மா' ஒருவர்தான். டோனாவூரில் வெளிநாட்டிலிருந்து வந்த பெண்களைப் பிள்ளைகள் 'சித்தி' என்று கூப்பிட்டார்கள், நம் பெண்களை 'அக்கா' என்று. உறவுமுறைதான், சாதிப் பெயர் இல்லை. அது பெரிய விஷயம். ஆனாலும் அக்காவுக்கு மேலே சித்தி, சித்திக்கு மேலே அம்மா என்ற படி அங்கேயும் இருந்தது.

சாதியைப் பற்றியே கொஞ்சம் பேச வேண்டும். அவரை அனுப்பியது ஜனானா மிஷன். வீட்டுக்குள் அடைபட்ட மேல்சாதிப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் தேடிப் போவதற்கென்றே உண்டானது. அதனால் அவருடைய ஆரம்பகால எழுத்தில் 'சாதி' என்பது பெரும்பாலும் மேல்சாதி வீட்டின் மூடிய கதவு. அந்தக் கதவு திறக்கவில்லை என்பதுதான் துக்கம். அந்த வீட்டு வயலில் குனிந்து நாற்று நட்டவளின் துக்கம் பின்னணியாக நின்றுவிடுகிறது. எங்கள் பிள்ளைகளை யாரும் கோயிலிலிருந்து மீட்க வேண்டிய அவசியமே வரவில்லை, எங்களைத்தான் கோயிலுக்குள் விடவே இல்லையே! எங்களுக்குத் தேவைப்பட்டது கூலியும் நிலமும் பள்ளியும். இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். டோனாவூரின் மதிலுக்குள் ஒரு பிள்ளையை என்ன சாதி என்று கேட்டு வரிசையில் உட்கார வைக்கவில்லை. நெல்லைச் சீமையின் எத்தனை சபைகள் அன்றும் இன்றும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்?

பணம் கேட்டு விண்ணப்பம் விடுவதில்லை என்பது அவருடைய கொள்கை. மிஷன் வேலை வெற்றி மேல் வெற்றி என்று எழுதாமல், உள்ளதை உள்ளபடி எழுதி 1903-இல் வெளியிட்ட புத்தகத்தால் சக மிஷனரிகளே எரிச்சலடைந்தார்கள். கொடுக்கிறவர் கேட்க விரும்பாததை எழுதியவர் என்ற மரியாதை எனக்கு அவர்மேல் உண்டு. அதே சமயம் 1909-இல் வந்த 'தாமரை மொட்டுகள்' புத்தகத்தில் பிள்ளைகளின் ஐம்பது புகைப்படங்கள். ஊட்டியில் ஸ்டுடியோ வைத்திருந்த பென் என்பவர் எடுத்தவை. கொழுகொழுவென்று அழகான படங்கள். கை நீட்டிப் பணம் கேட்கவில்லை, உண்மைதான். ஆனால் படம் பேசும். இந்தியப் பிள்ளையின் முகம் சீமை வீட்டின் மேசைமேல் போய் உட்கார்ந்து இரக்கத்தைச் சம்பாதிக்கிற பழக்கத்துக்கு இந்தப் படங்களும் ஒரு வழி திறந்தன.

பிள்ளை யாருக்குச் சொந்தம் என்ற சிக்கலும் அங்கே வெடித்தது. முத்தம்மாள் என்ற சிறுமியைத் தாயிடமே ஒப்படைக்க வேண்டும் என்று 1911-இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒப்படைக்கும் முன்பே பிள்ளை மாயமானாள். மாறுவேடத்தில் நாட்டை விட்டுக் கடத்தி, சீனா வரை கொண்டுபோய்விட்டார்கள். சில வருஷம் கழித்துத் திரும்பி வந்தாள். அவளைக் காப்பாற்றினார்கள் என்று எழுதுவார்கள், இருக்கலாம். ஆனால் கடல் கடந்து வந்த நல்லெண்ணம் சட்டத்தையும் தாயையும் தாண்டிப் போகும் அதிகாரம் பெற்றிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டம் கடைசியில் ஒழித்தது 1947-இல். அதற்காக மேடை மேடையாக அலைந்தவர்களில் அந்தக் கொடுமைக்குள்ளேயே வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் முத்துலட்சுமி ரெட்டியும் இருந்தார்கள்.

நம்மவர்களும் 'அயல்நாட்டு ஊழியம்' போனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது, முழுக்க நம் ஆட்கள் பணத்தில். நைஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். நெல்லைக்காரனுக்கு அது பாஷை தெரியாத பரதேசம். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912-இல் அங்கே முதல் இந்திய ஆங்கிலிகன் பேராயர் ஆனார். அங்கே திரண்டு வந்தவர்கள் மாலர்களும் மாதிகர்களும். அந்தச் சேரிப் பிள்ளைகள் தமிழ் ஊழியரை எப்படிப் பார்த்தார்கள் என்று தெலுங்கு தலித் தோழர்கள்தான் எழுத வேண்டும்.

எல்லைக்கு மேற்கே என்ன நடந்தது? திருவிதாங்கூர் எங்கள் நாடாக இருந்ததால் அய்யன்காளியும் எங்கள் வரலாறுதான். 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கம் தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், பிள்ளைகளுக்குப் பள்ளி கொடு என்று கேட்டார். பள்ளி இல்லாவிட்டால் வயலில் வேலை இல்லை என்று புலையர் மக்கள் கையைக் கட்டி நின்றார்கள். சர்க்கார் உத்தரவு வந்த பிறகும் ஊர் விடவில்லை. ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார் அய்யன்காளி. அவள் உட்கார்ந்த பள்ளியையே சாதி இந்துக்கள் கொளுத்தினார்கள். எரிந்து மிஞ்சிய பெஞ்சு இன்றும் அந்தப் பள்ளியில் இருக்கிறது. இங்கே தொண்டரும் பிள்ளையும் வேறு வேறு உலகத்து ஆட்கள் அல்ல. பஞ்சமியின் தகப்பன் கூடவே இருந்தார், சனம் கூடவே இருந்தது. படம் எடுக்க மட்டும் யாரும் இல்லை.

இனி எங்கள் தெருவுக்கு வருகிறேன். வந்து போகிறவர்கள் எங்கள் வட்டாரத்துக்குப் புதிதல்ல. பக்கத்து மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரியில் எங்கள் சனம் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்தைத் தழுவியபோது டெல்லியிலிருந்து தலைவர்கள் வரிசையாக வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். டீக்கடைத் தம்ளர் மட்டும் வருஷக்கணக்கில் அப்படியே இருந்தது.

நாங்கள் ஒரு இரவுப் பள்ளி நடத்துகிறோம். 2014 கோடையில் பன்னிரண்டு வெளிநாட்டு இளைஞர்கள் எட்டு நாள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எங்கள் தட்டில் சாப்பிட்டார்கள். ஊர்க்காரர் யாரும் இதுவரை செய்யாத காரியம். பலூன், வண்ணப் பென்சில், ஆக்‌ஷன் பாட்டு, சுவருக்கு மஞ்சள் பெயிண்ட். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எட்டாம் நாள் வேன் கிளம்பியது. ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி அதில் ஒரு அக்காவோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள். ஒரு மாதம் சாயந்தரம் சாயந்தரம் செக்போஸ்ட் பக்கம் போய் நின்றாள்.

அடுத்த வருஷம் ஒரு வழவழப்பான காலண்டர் கைக்கு வந்தது. அதில் அவள் படம். கீழே இங்கிலீஷ். பத்தாம் வகுப்புப் பையன் எழுத்துக்கூட்டி வாசித்தான்: அநாதைச் சிறுமி. அவள் தாயும் தகப்பனும் அப்போது மலைக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சனிக்கிழமை வந்த தாய் காலண்டரைப் பார்த்தாள். "நான் உசுரோட இருக்கேன்லா? எம் பிள்ளைய அநாதைன்னு போட்டுருக்காவளே, நானும் எம் மாப்பிள்ளையும் செத்தா போயிட்டோம்?" என்று தெருவே கேட்கக் கத்தினாள். "வந்தாவ, சோறு தின்னாவ, போனாவ. என்னைய எதுக்குய்யா கொன்னாவ?"

அந்தக் கேள்விக்கு இப்போது உலக மன்றங்களிலும் எதிரொலி கேட்கிறது. 2017-இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று, தாய் தகப்பன் உள்ள பிள்ளைகளை அநாதை இல்லங்களில் சேர்த்து வெளிநாட்டார் இரக்கத்தில் பணம் பண்ணுவதை நவீன அடிமைமுறையோடு சேர்த்துப் பேசியது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, அநாதை இல்லத் தொண்டு என்ற பெயரில் நடக்கும் பயணங்கள் பிள்ளைக் கடத்தலுக்கு வழிவிடுவதைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டது. ஆனால் இந்த வாதத்தைக் கையில் எடுத்து ஆடுகிற இன்னொரு கூட்டத்திடமும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2017 மார்ச்சில் மத்திய அரசின் வெளிநாட்டுப் பணக் கெடுபிடியால் கம்பாஷன் நிறுவனம் இந்தியாவில் கதவை மூடியபோது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் சாப்பாடும் ஒரே நாளில் நின்றன. நிறுத்தியவர்கள் அந்தப் பிள்ளைகளுக்கு மாற்றாக ஒரு தட்டு சோறு போட்டார்களா?

சென்ற மாதம் வேறொரு குழு எங்கள் தெருவுக்கு வரக் கேட்டிருக்கிறது. வேண்டாம் என்று சொல்லலாம் என்றேன் நான். பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏளா, வரட்டும். வந்தா கணக்குப் பாடம் சொல்லிக் குடுக்கட்டும்," என்றார் ஒரு ஆச்சி. விவாதித்து முடிவு செய்தோம். ஒரு கல்வியாண்டு முழுக்கத் தங்கி, தமிழ் கற்றுக்கொள்ள ஒப்புகிறவர் ஒருவர் வந்தால் போதும். எட்டு நாளுக்குப் பன்னிரண்டு பேர் வேண்டாம். தாய் தகப்பன் கையெழுத்தில்லாமல் ஒரு படமும் எடுக்கக் கூடாது. எடுத்த படத்துக்குக் கீழே என்ன எழுதுகிறார்கள் என்பதை முதலில் எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். பிள்ளையின் முழுப் பெயரும், தாய் வைத்த பெயராகவே, பள்ளிப் பதிவேட்டில் மட்டும் இருக்கும்.

கடிதத்தை இரவுப் பள்ளியில் படிக்கிற இரண்டு பெண்பிள்ளைகள் எழுதினார்கள். அந்த ஒன்பது வயதுக்காரிதான் அதில் ஒருத்தி. இப்போது கல்லூரிக்குப் போகிறாள், சாயந்தரம் சின்னப் பிள்ளைகளுக்கு அவளே பாடம் சொல்கிறாள். கடிதம் போய் மூன்று வாரமாகிறது. பதில் வரவில்லை.